உரிமம் கொடுத்த பிறகு எண்ணெய்க் கிணற்றை யார் பார்க்கிறார்கள்?

"எண்ணெயோ எரிவாயுவோ தேட எந்த நாட்டிலும் அரசு உரிமம் வேண்டும். விதிப் புத்தகங்கள் தலையணைப் பருமனில் இருக்கின்றன, ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அப்படியும் கிணறு வெடித்து மாதக்கணக்கில் எண்ணெய் கொட்டுகிறதே, ஒழுங்குமுறை என்பதே கண்துடைப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அரசு எதற்கு அனுமதி தருகிறது என்பது ஒன்று. அனுமதித்தபடிதான் வேலை நடக்கிறதா என்று யார், எந்த நேரத்தில், எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்பது மற்றொன்று. செய்திகளில் அடிபடுவது முதலாவது; விபத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது. என் பதில் துளையிடும் பொறியியல் பக்கத்திலிருந்து வருகிறது. வரியும் ஒப்பந்தச் சட்டமும் என் துறை அல்ல, அவற்றைத் தேவைக்கு மட்டும் தொடுகிறேன். கண்துடைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதிகம் பேசப்பட்ட கிணற்று விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால் ஒரு சங்கடமான பொதுத்தன்மை தெரியும்: தவறான வேலைக்கு, அல்லது அதன் ஒரு முக்கியப் பகுதிக்கு, அரசு அலுவலகத்தின் ஒப்புதல் இருந்திருக்கிறது.

உரிமத்திலிருந்து தொடங்குவோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பம். பெரும்பாலான நாடுகளில் மேலே உள்ள நிலம் யாருடையதாக இருந்தாலும் அடியில் இருக்கும் எண்ணெய் அரசின் சொத்து. நில உரிமையாளருக்கே அடியில் உள்ளதும் சொந்தமாகலாம் என்பது அமெரிக்காவில் பரவலாக உள்ள விதிவிலக்கு. கடலில், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை, இயற்கை வளங்கள் கரையோர நாட்டுக்கு உரியவை என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை சொல்கிறது. அந்தச் சொத்தைத் தேட மற்றவரை அனுமதிக்கும் வழிகள் மூன்று. பிரிட்டன், நார்வே, அமெரிக்கா போல உரிமமோ குத்தகையோ கொடுத்து வரியோ ராயல்டியோ இரண்டுமோ வாங்கலாம். 1960களில் இந்தோனேசியா தொடங்கிவைத்த உற்பத்திப் பங்கீட்டு ஒப்பந்தம் போடலாம். அல்லது எண்ணெயை முழுக்கத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எடுத்துத் தருபவருக்குப் பீப்பாய்க்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கலாம். 2009இல் ஈராக் விட்ட ஏலங்கள் அந்த வகை. எந்த வழியானாலும் அந்தக் காகிதத்தில் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: எந்த வட்டாரம், எத்தனை ஆண்டு, குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் நில அதிர்வு ஆய்வு, எத்தனை கிணறு, செய்யாவிட்டால் எவ்வளவு வங்கி உத்தரவாதம் பறிபோகும், ஒவ்வொரு கட்ட முடிவிலும் எத்தனை சதவீத நிலப்பரப்பைத் திருப்பித் தர வேண்டும். வட்டாரத்தை வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதைத் தடுக்கவே இவ்வளவும். பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கும் துளை பாதுகாப்பாக இருக்குமா என்பதைப் பற்றி உரிமம் பேசுவதில்லை. சொல்லப்போனால் அது எதிர்த்திசையிலும் தள்ளும்: கட்டம் முடிய நான்கு மாதம்தான் இருக்கிறது, துளையிடும் மேடையான ரிக்கின் வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது என்றால் வடிவமைப்பு மேசையில் அவசரம் வந்து உட்கார்ந்துவிடும்.

துளைக்கு முன்னால் வருவது நில அதிர்வு ஆய்வு. கடலில் காற்றுத் துப்பாக்கிகளால் ஒலி அனுப்பி, அடிப் பாறைகளிலிருந்து திரும்பும் எதிரொலியைப் பதிவு செய்வார்கள். இங்கே கட்டுப்பாடு பெரும்பாலும் கடல்வாழ் பாலூட்டிகளுக்காக. பல நாடுகள் எடுத்தாளும் பிரிட்டிஷ் வழிகாட்டுதலின்படி, சுடுவதற்கு முன் 30 நிமிடம், 200 மீட்டருக்கு மேல் ஆழமான கடலில் 60 நிமிடம், 500 மீட்டர் சுற்றளவில் திமிங்கலமோ டால்பினோ இல்லை என்று பயிற்சி பெற்ற ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகு ஒலியைக் குறைந்தது 20 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு படிப்படியாக ஏற்ற வேண்டும். விதி தெளிவானது. இரவிலும் மூடுபனியிலும் கண்ணால் பார்ப்பது நடக்காது என்பதால் நீருக்கடி ஒலிவாங்கியையும் சேர்க்கச் சொல்கிறார்கள்.

உண்மையான கட்டுப்பாடு கிணற்று அனுமதியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் தனியாக விண்ணப்பம் போக வேண்டும். அதன் இதயம் ஒரு வரைபடம்: கீழே போகப் போகப் பாறைத் துளைகளில் இருக்கும் திரவத்தின் அழுத்தம் எப்படி ஏறுகிறது, எந்த அழுத்தத்தில் பாறையே பிளக்கும் என்ற இரண்டு கோடுகள். பாறைத் திரவத்தை அடக்கிவைக்கத் துளைக்குள் நிரப்பும் கனமான கலவையைத்தான் சேறு என்கிறோம்; அது தரும் அழுத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். உதாரணத்துக்கு 3,000 மீட்டர் ஆழத்தில் பாறைத் திரவத்தின் அழுத்தம் 383 பார் (ஒரு பார் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்), பாறை பிளக்கும் அழுத்தம் 456 பார் என்று வையுங்கள். ஆழத்தை மீட்டரிலும் சேற்றின் அடர்த்தியை தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு என்பதிலும் எடுத்து, இரண்டையும் பெருக்கி 0.0981ஆல் பெருக்கினால் பார் கணக்கில் அழுத்தம் வரும். சேறு 1.4 மடங்கு என்றால் 412 பார். நடுவில் நிற்கிறது, நல்லது. 1.3க்குக் கீழே போனால் எரிவாயு துளைக்குள் நுழையும். 1.55ஐத் தாண்டினால் பாறை பிளந்து சேறு ஓடிவிடும், சேற்று மட்டம் இறங்கும், அதனால் மேலே உள்ள இன்னொரு அடுக்கிலிருந்து எரிவாயு நுழையும். இந்த இடைவெளி குறுகிப்போகும் ஆழத்தில் துளையிடுவதை நிறுத்தி, துளைச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயான கேசிங்கை இறக்கி, வெளிப்புறத்தைச் சிமென்டால் அடைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் நடந்த கிணற்று விபத்துக்குப் பிறகு (அதைக் கீழே சொல்கிறேன்) 2016இல் அமெரிக்கா கொண்டுவந்த விதி இந்த இடைவெளிக்கு ஓர் எண்ணே வைத்தது: சேற்றின் எடை, பாறை பிளக்கும் அளவைவிடக் காலனுக்குக் குறைந்தது அரை பவுண்டு கீழே இருக்க வேண்டும். நம் மடங்குக் கணக்கில் அது 0.06.

விண்ணப்பத்தில் இருக்கும் கோடுகள் ஊகம் என்பதை மறக்கக் கூடாது. தேடல் கிணறு என்றால் பக்கத்தில் ஒப்பிட வேறு கிணறு பெரும்பாலும் இருக்காது. அதனால் விதிகள் ஊகத்தை வழியிலேயே சோதிக்கச் சொல்கின்றன. அமெரிக்கக் கடல் விதிகளை எடுத்துக்கொள்வோம், எண்கள் வெளிப்படையாக இருப்பதால். சிமென்ட் போட்டதும் முதல் கட்டக் குழாய்க்கு 8 மணி நேரமும் அடுத்தடுத்த குழாய்களுக்கு 12 மணி நேரமும் அழுத்தத்தில் காத்திருக்க வேண்டும். குழாயை அழுத்தி 30 நிமிடம் பார்க்கும்போது அழுத்தம் 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் நகரக் கூடாது. பிறகு குழாயின் அடிமுனைக்குக் கீழே 10 அடிக்குக் குறையாமல் 50 அடிக்கு மிகாமல் புதுப் பாறையைத் துளைத்து, அங்கே பாறை எவ்வளவு தாங்குகிறது என்று அழுத்திப் பார்க்க வேண்டும். இந்த மூன்றாவது சோதனைதான் காகிதத்து ஊகத்தை உண்மையோடு மோதவிடும் இடம். எண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தால் கீழே போகும் திட்டம் முழுதும் மாற வேண்டும். மாற்றினால் செலவு. "சோதனையை மறுபடி செய்து பார்ப்போம்" என்ற ஆசை வருவது இங்கேதான். ஒரே சோதனை மூன்று முறை நடந்து மூன்றாவது எண் மட்டும் அறிக்கையில் ஏறியிருந்தால், அனுபவமுள்ள ஆய்வாளர் முதல் இரண்டின் வரைபடத்தையும் கேட்பார்.

கிணற்றின் தலையில் இருக்கும் ராட்சத வால்வுத் தொகுதியான பி.ஓ.பி.க்கும் இதே கதை. குழாயைச் சுற்றிப் பிடித்து அடைக்கும் தாடைகள், குழாயையே வெட்டி மூடும் தாடைகள் என்று அடுக்கடுக்காக இருக்கும். வழக்கமான அமெரிக்க விதி 14 நாளுக்கு ஒருமுறை சோதனை. முதலில் 250 முதல் 350 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை குறைந்த அழுத்தம், அதன் பிறகு உயர் அழுத்தம், ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் நிற்க வேண்டும். வரிசை முக்கியம். ரப்பர் அடைப்புகள் உயர் அழுத்தத்தில் தாமே இறுகிக்கொள்ளும். குறைந்த அழுத்தத்தில் கசியும் ஒரு பழைய ரப்பர், முதலிலேயே உயர் அழுத்தம் கொடுத்தால் இறுகி உட்கார்ந்து நல்லபிள்ளையாகத் தெரியும். அதனால்தான் குறைந்த அழுத்தச் சோதனையில் தவறிப்போய் 500 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிட்டால் பூஜ்ஜியத்துக்கு இறக்கி மறுபடி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். ஆய்வாளர் மேடைக்கு வந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தச் சோதனை வரைபடங்களைத்தான். அழுத்தக் கோடு இறங்காமல் நேராக இருக்கிறதா, தேதி பொருந்துகிறதா, எந்தத் தாடையைச் சோதித்தார்கள், எந்தக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து இயக்கினார்கள் என்று பார்ப்பார். குறை தெரிந்தால் எச்சரிக்கை, அந்தக் கருவியை மட்டும் நிறுத்துவது, மேடையையே நிறுத்துவது என்று மூன்று படிகள் கையில் உண்டு. இந்தச் சோதனை சொல்லாத ஒன்றும் இருக்கிறது. நிலைகுலைந்து வளைந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குழாயை வெட்டும் தாடை வெட்டுமா என்பது வழக்கமான சோதனையில் தெரியாது. மெக்சிகோ வளைகுடாவில் வெட்டாமல் போனது அதனால்தான் என்று பிறகு கடலிலிருந்து எடுத்து ஆராய்ந்தபோது தெரிந்தது. வெட்டும்போது குழாயை நடுவுக்குக் கொண்டுவரும் அமைப்பு வேண்டும் என்ற விதி அதற்குப் பின்தான் வந்தது.

இனி உங்கள் கேள்வியின் மையம். 1969 ஜனவரி 28, கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா கடற்கரை. அந்தக் கிணற்றில் விதி கேட்டதைவிடக் குட்டையான கேசிங் போட மத்திய அரசின் அலுவலகம் விலக்கு கொடுத்திருந்தது. எரிவாயு ஏறியபோது மேலே கிணற்றை மூடினார்கள். கேசிங் இல்லாத பகுதியில் கடற்படுகையே பிளந்து எண்ணெய் வந்தது. 2009 ஆகஸ்ட் 21, ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே திமோர் கடலில் மொன்டாரா. மார்ச் மாதம் அந்தக் கிணற்றை இடைநிறுத்தியபோது, மேல்பகுதியில் சிமென்ட் அடைப்புக்குப் பதிலாகக் குழாய் முனைகளில் மூடிகள் போட்டுக்கொள்கிறோம் என்று கேட்டார்கள், ஒப்புதல் கிடைத்தது. அடியில் சிமென்ட் போடும்போது திரும்பி வந்த திரவத்தை மறுபடி உள்ளே செலுத்தியதால் சிமென்ட் கெட்டிருந்தது, அதைத் தனியே சோதிக்கவும் இல்லை. இரண்டு மூடிகளில் ஒன்று போடப்படவே இல்லை. ஆகஸ்டில் ரிக் திரும்பி வந்து போட்டிருந்த ஒரு மூடியையும் கழற்றியது. பக்கத்தில் இன்னொரு கிணறு துளைத்து அடைக்க 74 நாள் ஆனது. மூடிகளுக்கு ஒப்புதல் தந்திருக்கவே கூடாது என்றது விசாரணை ஆணையம்.

மூன்றாவது 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவின் மக்கோண்டோ கிணறு. 11 பேர் இறந்தார்கள், கிணற்றின் வாயை மூட 87 நாள் ஆயிற்று. கிணற்றை தற்காலிகமாக மூடிவிட்டுப் போகும் கடைசி நாட்களில் மாற்ற விண்ணப்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வழக்கமான விதி, மேல் சிமென்ட் அடைப்பு கடற்படுகைக்குக் கீழே 1,000 அடிக்குள் இருக்க வேண்டும் என்றது. இவர்கள் அதற்கு விலக்கு கேட்டார்கள்: அடைப்பு 3,000 அடிக்கும் கீழே, அதற்கு முன்னதாகவே 3,300 அடி வரை கனமான சேற்றை எடுத்துவிட்டு இலேசான கடல்நீரை நிரப்பிக்கொள்வோம். அனுப்பிய அதே நாளில் ஒப்புதல் வந்தது. இதன் பொருளைப் பொறியியல் மொழியில் சொன்னால், கிணற்றைத் தாங்கிப்பிடித்திருந்த இரண்டு தடுப்புகளில் ஒன்றான சேற்றை நீக்கிவிட்டு, அடியில் போட்ட சிமென்ட் நல்லதாக இருக்கும் என்று நம்பி நிற்பது. அந்தச் சிமென்டைச் சோதிக்க அவர்கள் செய்த ஒரே சோதனை, மேலிருந்து அழுத்தத்தைக் குறைத்துக் கிணற்றுக்குள் திரவம் நுழைகிறதா என்று பார்க்கும் எதிர்மறை அழுத்தச் சோதனை. துளைக்குழாயில் 1,400 பி.எஸ்.ஐ. நின்றது, பக்கத்துக் குழாயில் ஒன்றும் ஓடவில்லை. இரண்டும் ஒரே கிணற்றோடு இணைந்தவை, இரண்டிலும் ஒரே செய்தி வர வேண்டும். வராதபோது சோதனை தோற்றது என்று எடுத்துக்கொள்ளாமல், ஒரு விளக்கத்தைச் சொல்லிச் சமாதானமானார்கள். இங்கே அரசின் பங்கு என்ன தெரியுமா? அப்போதைய அமெரிக்க விதிகளில் அந்தச் சோதனை கட்டாயமே இல்லை. எப்படிச் செய்ய வேண்டும், எது வெற்றி எது தோல்வி என்ற வரையறையும் இல்லை. விபத்துக்குப் பிறகுதான் எழுதினார்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்தால் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. மூல வடிவமைப்பை மாதக்கணக்கில் பலர் படிக்கிறார்கள். நடுவழி மாற்றத்தை ஒரு பொறியாளர் ஒரு பிற்பகலில் படிக்கிறார், மறுமுனையில் ரிக் காத்திருக்கிறது. மாற்றம் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமானதாகத்தான் இருக்கும். அது எந்தத் தடுப்பை எடுத்துவிடுகிறது, அதற்குப் பின் எத்தனை சோதிக்கப்பட்ட தடுப்புகள் மிச்சம் என்று கூட்டிக் கழிக்கத்தான் ஆள் தேவை. நார்வேயின் நார்சோக் டி-010 என்ற தரக்குறிப்பு இதை நேராகப் பிடிக்கிறது: எந்த நேரத்திலும் ஒன்றையொன்று சாராத, சோதித்து உறுதிசெய்த இரண்டு தடுப்புகள் இருக்க வேண்டும், ஒவ்வொரு வேலைக்கட்டத்துக்கும் அவற்றை வரைபடமாக வரைந்து காட்ட வேண்டும். நான் ஒரு விதிமுறையை மதிப்பிடுவதானால் அபராதத் தொகையைப் பார்க்க மாட்டேன்; மாற்ற விண்ணப்பப் படிவத்தில் அந்த வரைபடம் கேட்கப்படுகிறதா என்று பார்ப்பேன்.

அடுத்து, பார்ப்பவர் யார் என்பது. எண்ணெயிலிருந்து அரசுக்குப் பணம் வருகிறது. அதே அரசுதான் நிறுத்து என்றும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே அலுவலகத்தில் இருந்தால் எது தோற்கும் என்று யாருக்கும் தெரியும். 1988 ஜூலை 6, வட கடலின் பைப்பர் ஆல்பா மேடையில் 167 பேர் இறந்தார்கள். பாதுகாப்பு வால்வைக் கழற்றிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஒரு பம்ப்பை, அந்தத் தகவல் எட்டாத இரவுப் பணியாளர்கள் ஓட்டினார்கள். 1990இல் வந்த கல்லன் விசாரணை அறிக்கை 106 பரிந்துரைகள் தந்தது. எரிசக்தித் துறையிடமிருந்த பாதுகாப்புப் பொறுப்பு தனி அமைப்புக்குப் போனது. நார்வே 2004இல் வளத்தைக் கவனிக்கும் அலுவலகத்தையும் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்தையும் பிரித்தது. அமெரிக்காவில் ராயல்டி வசூலும் பாதுகாப்பும் 1982 முதல் ஒரே அமைப்பில் இருந்தன. மக்கோண்டோவுக்குப் பிறகு அது மூன்றாக உடைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் கடல்சார் பாதுகாப்பு ஆணையில் இந்தப் பிரிவினையைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் வளத்தைக் கவனிப்பது 1993இல் அமைந்த ஹைட்ரோகார்பன் தலைமை இயக்குநரகம்; கடலில் பாதுகாப்பு எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்குநரகத்திடம். ஆனால் இரண்டும் பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழேயே இருக்கின்றன. நிலத்துக் கிணறுகளின் பணிப்பாதுகாப்பு மட்டும் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வரும் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகத்திடம் இருக்கிறது.

பிரித்துவிட்டாலே போதுமா என்றால், கிரோனிங்கன் இல்லை என்கிறது. நெதர்லாந்தின் அந்த எரிவாயு வயலில் 2012 ஆகஸ்டில் 3.6 அளவு நில அதிர்வு வந்தது. உற்பத்தியை முடிந்த அளவு வேகமாகக் குறையுங்கள் என்று 2013 ஜனவரியில் கண்காணிப்பு அமைப்பு வெளிப்படையாகச் சொன்னது. அந்த ஆண்டு உற்பத்தி ஏறியது. அமைப்பு தனியாக இருந்தது, சரியாகவும் சொன்னது. கேட்க வேண்டிய அரசுக்கு வருமானம் போய்க்கொண்டிருந்தது. உற்பத்தியை நிறுத்த 2023 அக்டோபர் ஆயிற்று.

இனிச் சந்தேகத்துக்குரிய பகுதிகள். "இத்தனை அடி, இத்தனை மணி நேரம்" என்று எண் போடும் விதிமுறை நல்லதா, "ஆபத்து என்ன, எப்படிக் கட்டுப்படுத்துவாய், நிரூபி" என்று கேட்கும் விதிமுறை நல்லதா என்ற விவாதம் பல ஆண்டாக நடக்கிறது. பிரிட்டனில் இரண்டாவது வகை: கிணற்றுத் திட்டத்தை 21 நாள் முன்னதாகத் தெரிவிக்க வேண்டும், பாதுகாப்பு அமைப்பு "அனுமதிக்கிறேன்" என்று கையெழுத்துப் போடுவதில்லை, ஆட்சேபிக்கலாம், நிறுவனம் தன் வடிவமைப்புக் குழுவைச் சாராத ஒரு கிணற்றுப் பரிசோதகரை வைக்க வேண்டும், வாராவாரம் அறிக்கை தர வேண்டும். அரசு கையெழுத்து போட்டால் பொறுப்பும் அரசின் தோளுக்கு நகர்ந்துவிடும் என்பது அவர்கள் வாதம், மேலே சொன்ன மூன்று விபத்துகளை நினைத்தால் அதில் பலம் இருக்கிறது. எதிர்வாதமும் பலமானது: நிரூபணத்தை வாசித்துக் குறை கண்டுபிடிக்க, எழுதியவருக்கு இணையான அறிவுள்ள ஆள் அரசிடம் வேண்டும். அப்படிப்பட்டவருக்கு நிறுவனம் கொடுக்கும் சம்பளத்தை அரசு கொடுப்பதில்லை. ஆள் இல்லாத நாடு இந்த முறையை இறக்குமதி செய்தால், நிறுவனம் எழுதிக் கொடுப்பதைக் கோப்பில் வைத்துக்கொள்வதோடு முடியும். எது விபத்தைக் குறைத்தது என்று எண்ணிக்கையால் நிரூபிப்பது கடினம், ஏனென்றால் பெரும் விபத்துகள் அரிது; பத்து ஆண்டு விபத்தே இல்லாதது நல்ல விதியாலா நல்ல அதிர்ஷ்டத்தாலா என்று பிரித்தறிய முடியாது. ஆளும் பணமும் இருந்தால் இரண்டாவது, இல்லாவிட்டால் எண் போட்ட விதி என்பது என் கருத்து, நிரூபணம் அல்ல.

நீரழுத்தத்தால் பாறையைப் பிளக்கும் முறையில் சந்தேகங்கள் இன்னும் அதிகம். நில அதிர்வுக்குப் பிரிட்டன் போக்குவரத்து விளக்கு போல ஒரு முறை வைத்தது: 0.5 அளவு அதிர்வு வந்தால் சிவப்பு, வேலையை 18 மணி நேரம் நிறுத்த வேண்டும். அது மனிதர் உணரவே முடியாத அளவு. அப்படியும் 2019 ஆகஸ்டில் லங்காஷயரில் ஒரு தளத்தில் 2.9 வந்தது, நவம்பரில் இங்கிலாந்து முழுதும் நிறுத்திவைத்தார்கள். முறையின் பலவீனம், வேலையை நிறுத்திய பிறகும் அதிர்வு வரலாம் என்பது; விளக்கு எரியும்போது நீர் ஏற்கெனவே பிளவுகளுக்குள் போய்விட்டிருக்கும். நிலத்தடி நீர் கெடுகிறதா என்ற கேள்விக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2016 அறிக்கை, சில சூழல்களில் கெடுத்திருக்கிறது, ஆனால் எவ்வளவு அடிக்கடி என்று தேசிய அளவில் கணக்கிடத் தரவு போதாது என்றது. தரவு போதாமல் போனதற்கு முக்கிய காரணம் எளியது: துளையிடும் முன் அங்கிருந்த கிணற்று நீரை யாரும் சோதித்து வைக்கவில்லை. மீத்தேன் இயற்கையாகவே சில நிலத்தடி நீரில் இருக்கும். முன்பு எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் பின்பு இருப்பதை யார் தலையிலும் கட்ட முடியாது. பிரிட்டனின் 2015 சட்டம் 12 மாதம் முன்கூட்டியே நிலத்தடி நீரின் மீத்தேனை அளக்கச் சொன்னது இதனால்தான். எந்த ஊரில் எந்தக் கிணறு வந்தாலும், எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் சேர்ந்து முதலில் கேட்க வேண்டிய காகிதம் இந்த முன்னளவுதான். அரசு எடுக்காவிட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் தேதியோடு எடுத்து வைத்துக்கொள்வது பிறகு வழக்கில் மிகவும் உதவும்.

கடைசியாக, யாரும் கேட்காத ஆனால் அரசுகள் அதிகம் இழக்கும் இடம்: கிணற்றை மூடுவது. தேடல் கிணறுகளில் பெரும்பாலானவை வெற்றுக் கிணறுகளாக முடிகின்றன, ஆக மூடுவது விதிவிலக்கல்ல, வழக்கம். நார்வேத் தரக்குறிப்பு திறந்த துளையில் 100 மீட்டர் சிமென்ட் கேட்கிறது, திரவம் வரும் அடுக்குக்கு மேலே குறைந்தது 50 மீட்டர். அமெரிக்காவில் முக்கிய அடைப்புகள் மேல் 15,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 7 டன், குழாய் எடையை இறக்கிப் பார்க்க வேண்டும், அல்லது 1,000 பி.எஸ்.ஐ. கொடுத்து 15 நிமிடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் இருக்க வேண்டும். பிறகு குழாயைக் கடற்படுகைக்கு 15 அடி கீழே வெட்டி எடுத்துவிடுவார்கள். அதன் பின் அந்த இடத்துக்கு யாரும் போவதில்லை என்பதால், அந்தச் சோதனை நாளில் எழுதியதுதான் கடைசி ஆதாரம்.

மூடும் பணம் யார் கையில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய விஷயம். அமெரிக்க மத்திய அரசு நிலங்களில் ஒரு குத்தகைக்கு வாங்கிய குறைந்தபட்சப் பிணைத்தொகை 10,000 டாலர், 1960இல் வைத்தது. 2024இல்தான் 150,000 ஆக்கினார்கள். இதற்கிடையில் நாடெங்கும் கைவிடப்பட்ட கிணறுகளுக்காக 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் 470 கோடி டாலர் பொதுப்பணம் ஒதுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்திரேலியாவில் வயதான ஒரு உற்பத்திக் கப்பலும் அதன் கிணறுகளும் சிறு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறின. அது 2020இல் திவாலானது, அகற்றும் செலவுக்காக அரசு முழுத் தொழிலின் மேலும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி போட்டது. அதன் பிறகு முன்னாள் உரிமையாளரையும் திரும்பக் கூப்பிடும் விதியைக் கொண்டுவந்தார்கள். பிரிட்டனில் அது 1998 பெட்ரோலியச் சட்டத்தில் முன்பே இருந்தது. கனடாவில் 2019இல் உச்ச நீதிமன்றம் ரெட்வாட்டர் வழக்கில், திவாலான நிறுவனத்தின் சொத்தில் கடன்காரர்களுக்கு முன்னால் கிணறு மூடும் கடமை நிற்கும் என்று தீர்ப்பளித்தது. இவை எல்லாவற்றிலும் அரசுக்குப் பிடி இருக்கும் கணம் ஒன்றுதான்: உரிமத்தை விற்க நிறுவனம் ஒப்புதல் கேட்டு வரும்போது. அப்போது மூடும் செலவைப் புதிதாகக் கணக்கிட்டு, வாங்குபவரின் நிதிநிலையைப் பார்த்து, பிணைத்தொகையை உயர்த்திக் கேட்கலாம். நீங்கள் பார்க்கும் நாட்டின் விதியில் உரிம மாற்ற ஒப்புதலுக்கான பிரிவை எடுத்து, அங்கே இந்தக் கணக்கு கட்டாயமா, அதிகாரியின் விருப்பமா என்று படித்துப் பாருங்கள்.